முள்ளுக்குள் இருக்கும் குருவியைப் படம் எடுப்பது எப்படி?

மதுரைப் பக்கம் சாமநத்தம் கண்மாய்க் கரையில் ஒரு டிசம்பர் காலை. சீமைக்கருவேலம் புதருக்குள் அரசவால் ஈப்பிடிப்பான் ஆண் ஒன்று வந்து உட்கார்ந்தது. வெள்ளை உடம்பு, கறுப்புத் தலை, ஓரடி நீளத்துக்கு ரிப்பன் மாதிரி வால். என்னிடமிருந்து எட்டு மீட்டர்கூட இருக்காது. கேமரா வாங்கி அப்போது மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. கை நடுங்க நடுங்க 23 படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து கணினியில் திறந்து பார்த்தால், 23 படத்திலும் முள் அற்புதமாக விழுந்திருந்தது. ஒவ்வொரு முள்ளின் நுனியையும் எண்ணலாம். அதற்குப் பின்னால் யாரோ வேட்டியைக் காயப்போட்டதுபோல ஒரு வெள்ளைத் தீற்றல். அதுதான் குருவி.

நேரில் பார்த்தபோது அந்த முள் என் கண்ணிலேயே படவில்லை. சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் தூரத்தில் சொந்தக்காரர் முகம் தெரிந்துவிட்டால், இடையில் இருக்கிற ஆயிரம் தலையும் மறைந்துவிடும் இல்லையா, கண் அப்படித்தான் பழகியிருக்கிறது. கேமராவுக்கு அந்த ஓரவஞ்சனை கிடையாது. முள், சருகு, பின்னால் நிற்கும் டிரான்ஸ்ஃபார்மர், கிளையில் மாட்டிய பாலிதீன் பை, எல்லாவற்றையும் ஒரே மரியாதையோடு பதிந்து கொடுக்கும். பறவையைப் பார்க்க நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதன் பின்னால் இருப்பதைப் பார்க்கத்தான் பழக வேண்டியிருக்கிறது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

கையில் என்ன வேண்டும்

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 70-300 மி.மீ. லென்ஸோடு பழைய டிஎஸ்எல்ஆர் ஒன்று இருந்தால் ஆரம்பிக்கலாம். லென்ஸைக் கழற்ற முடியாத, நீள ஜூம் உள்ள பிரிட்ஜ் கேமராவும் சரிதான். 150-600 லென்ஸ் நல்லதுதான், ஆனால் தனியாகவே இரண்டு கிலோவுக்குப் பக்கம் வரும். முதல் வருடம் அதைத் தூக்கிக்கொண்டு கண்மாயைச் சுற்றினால் தோள்வலிதான் மிஞ்சும். மொபைலில் மைனா, காக்கை வரைக்கும் முயலலாம். புதருக்குள் இருக்கும் சிட்டுக்கு அது ஆகாது.

சட்டை மண் நிறத்திலோ மங்கிய பச்சையிலோ இருக்கட்டும். ரப்பர் செருப்பு போட்டு வராதீர்கள். கருவேல முள் அதைத் துளைத்துக்கொண்டு உள்ளே ஏறும். அனுபவித்தவன் சொல்கிறேன்.

கேமராவை அப்பெர்ச்சர் பிரையாரிட்டியில் வையுங்கள்; லென்ஸின் திறப்பை நாம் சொல்வோம், ஷட்டர் வேகத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும். சக்கரத்தில் ஏ அல்லது ஏவி என்று இருக்கும். எஃப் எண் என்பது அந்தத் திறப்பின் அளவு, எண் சிறிதானால் திறப்பு பெரிது; அதை லென்ஸ் அனுமதிக்கும் கடைசிக்குக் குறைத்துவிடுங்கள். ஐஎஸ்ஓ, அதாவது வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறன், ஆட்டோவில் இருக்கட்டும், மேல் வரம்பு 3200. குறைந்தபட்ச ஷட்டர் வேகத்தை மெனுவில் 1/800 என்று கொடுங்கள். ரா ஃபைலாக, அதாவது கேமரா சுருக்கித் திருத்தாத மூலப் பதிவாகச் சேமியுங்கள். மெனுவில் இதற்கு மேல் இப்போதைக்கு எதையும் தொட வேண்டாம்.

மொட்டைமாடியில் ஒரு எலுமிச்சம்பழம்

முதல் வாரம் கண்மாய்ப் பக்கமே போகாதீர்கள். மாடியில் ஒரு நாற்காலியின் முதுகில் எலுமிச்சம்பழத்தை வையுங்கள். ஏறக்குறைய சிட்டின் உடம்பு அளவு. ஐந்து மீட்டர் தள்ளி நின்று, கொடியில் காயும் துணி பழத்துக்கு ஒரு மீட்டர் பின்னால் வருமாறு ஒரு படம் எடுங்கள். அப்புறம் நாற்காலியைச் சுற்றி நடந்து, அடுத்த தெரு வேப்பமரம் பின்னால் வரும் இடத்தில் நின்று இன்னொன்று. லென்ஸ், தூரம், எஃப் எண் எதையும் மாற்றக் கூடாது. முதல் படத்தில் சேலையின் பூவேலை வரை தெரியும். இரண்டாவதில் வேப்பமரம் பச்சைத் தண்ணீராகக் கரைந்திருக்கும்.

இதில் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. பறவையிலிருந்து பின்புலம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பாருங்கள். அதை, நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து பின்புலம் வரை உள்ள மொத்தத் தூரத்தால் வகுங்கள். வருகிற எண் பெரிதாக ஆக, பின்புலம் கரையும். பறவை 10 மீட்டரில் இருக்கிறது, புதர் அதற்கு 1 மீட்டர் பின்னால் என்றால் பதினொன்றில் ஒரு பங்கு. புதர் 10 மீட்டர் பின்னால் என்றால் பாதி. அதாவது முதலில் வந்ததைப்போல ஐந்தரை மடங்கு கரைசல். 40 மீட்டர் பின்னால் என்றால் ஏறக்குறைய ஒன்பது மடங்கு. அதே நீள லென்ஸில் எஃப் 5.6-ஐ விட்டு எஃப் 4-க்குப் போனால் கிடைப்பது 1.4 மடங்கு மட்டுமே, அதற்குச் செலவு லட்சக்கணக்கில். நாலு எட்டு நகர்வதற்குக் காசு கிடையாது.

இன்னொரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன், இது பறவைக்கும் உங்களுக்கும் இடையே உள்ள தூரத்தைப் பற்றியது. ஃபுல் ஃப்ரேம் கேமராவில் (பழைய ஃபிலிம் அளவு சென்சார் உள்ளது) 400 மி.மீ. லென்ஸ், எஃப் 5.6, பறவை 8 மீட்டரில். அப்போது தெளிவாக விழும் ஆழம் 13 செ.மீ. அளவுதான், ஒரு சாண்கூட இல்லை. பறவை 16 மீட்டருக்குப் போனால் அந்த ஆழம் இரண்டு மடங்காக அல்ல, நான்கு மடங்காகக் கூடும்; அரை மீட்டருக்கு மேல். பக்கத்தில் உள்ள குச்சி, இலை எல்லாம் அதற்குள் வந்து தெளிவாகிவிடும். அதனால் தூரத்துப் பறவையை எடுத்துவிட்டு வீட்டில் வெட்டிப் பெரிதாக்கலாம் என்று நினைப்பவர்களுக்குப் பறவையோடு சேர்ந்து புதரும் பெரிதாகும்.

அரை எட்டு அங்கிட்டு, அரை எட்டு இங்கிட்டு

சரி, இப்போது கண்மாய்க்கு வரலாம்.

பறவை உட்கார்ந்ததும் முதல் வேலையாக ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மனசு ஆறும். அடுத்து ஷட்டரிலிருந்து விரலை எடுத்துவிட்டு, வ்யூஃபைண்டரில் பறவையை விட்டு நாலு மூலையையும் ஒரு சுற்றுப் பாருங்கள். பளிச்சென்று ஏதாவது கண்ணை இழுக்கிறதா? இலைகளுக்கு இடையே வெள்ளை வெள்ளையாக வானம் தெரிகிறதா? தலைக்குப் பின்னால் ஒரு கிளை கொம்புபோல முளைத்திருக்கிறதா? இருந்தால் நகர வேண்டும். எந்தப் பக்கம் என்பதை யோசித்துக்கொண்டு நிற்க வேண்டாம், இடம் அல்லது வலம் ஓரடி சாய்ந்து பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஓரடி என்ன பெரிய வித்தியாசம் செய்துவிடும் என்று தோன்றும். பறவை உங்களிடமிருந்து 10 மீட்டரில் இருக்கிறது, அதற்கு 40 மீட்டர் பின்னால் ஒரு தென்னை. நீங்கள் ஓரடி நகர்ந்தால் தென்னை பறவையின் பின்னாலிருந்து நாலடி விலகும். முதுகுக்குப் பின்னால் தூண் மாதிரி நின்றது ஃப்ரேமின் ஓரத்துக்குப் போய்விடும். பறவையை எந்த விதத்திலும் தொந்தரவு செய்யாமல், அது திரும்பிப் பார்க்கும் முன்னே இதைச் செய்துவிடலாம்.

பக்கவாட்டில் நகர்வதைவிடவும் உயரத்தை மாற்றுவது பலன் தரும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடம் ஆனது. கண்மாய்க் கரைமேல் நின்றபடி கீழே தண்ணீரோரம் நிற்கும் மடையானை எடுத்தால், லென்ஸ் கீழ்நோக்கிப் பார்க்கிறது. மடையானுக்குப் பின்னால் ஒரு மீட்டரில் இருக்கும் சேறு, கோரைப்புல், மிதக்கும் ஆகாயத்தாமரை எல்லாம் பின்புலமாகிவிடும். கரையிலிருந்து இறங்கி, தண்ணீர் ஓரத்தில் மண்டியிட்டு, பறவையின் கண் உயரத்துக்கு லென்ஸைக் கொண்டுவந்தால், பின்புலம் அக்கரைக்குப் போய்விடும். இருநூறு மீட்டருக்கு அப்பால் இருக்கும் அக்கரை வெறும் வண்ணமாகத்தான் தெரியும். பழைய சாக்கு ஒன்றை பைக்கில் சுருட்டி வைத்துக்கொள்ளுங்கள், குப்புறப் படுக்க உதவும். நான் அப்படிப் படுத்துக் கிடந்த ஒரு நாள், ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஓடி வந்து, “தம்பி, என்னாச்சு, மயக்கமா? தண்ணி குடிக்கிறீகளா?” என்று கேனை நீட்டினார். முக்குளிப்பான் முங்கிவிட்டது. தண்ணீர் நன்றாகத்தான் இருந்தது.

மரத்தில் இருக்கும் பறவைக்கு இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும். கிளைக்கு அடியில் நின்று அண்ணாந்து எடுத்தால் வெளுத்த வானமும் பறவையின் வயிறும்தான் கிடைக்கும். பின்னால் தள்ளிப் போனால் கோணம் குறையும், வானம் போய்த் தூரத்து மரங்கள் பின்னால் வரும். நம் ஊர்க் கண்மாய்கள் பலவற்றின் உள்வாயில், அதாவது தண்ணீர் நிற்கும் பக்கத்தில், நாட்டுக் கருவேல மரங்கள் நிற்கின்றன. கரைமேல் நின்றால் அவற்றின் உச்சி கிட்டத்தட்ட நம் கண் உயரத்துக்கு வரும். மடையானுக்கு இடைஞ்சலாக இருந்த அதே கரை, உச்சிக்கிளையில் உட்காரும் மாங்குயிலுக்கும் வால்காக்கைக்கும் நல்ல மேடை.

மதுரையைச் சுற்றி எங்கே போகலாம்

பறவை எங்கே அதிகம் என்று கேட்டுக்கொண்டுதான் எல்லோரும் வருகிறார்கள். புதிதாக வருபவர்கள் பின்புலம் எங்கே நன்றாக இருக்கிறது என்று கேட்டுப் போவது நல்லது.

நிலம் இங்கே பொதுவாகத் தென்கிழக்காகச் சரிகிறது, வைகையும் அப்படித்தான் போகிறது. அதனால் கண்மாய்களுக்குக் கரை பெரும்பாலும் கிழக்கிலோ தெற்கிலோ இருக்கும். இதில் நமக்கு ஒரு லாபம். காலையில் கிழக்குக் கரையில் நின்றால் சூரியன் முதுகுக்குப் பின்னால், தண்ணீர் எதிரே. சாமநத்தமும் வண்டியூரும் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. வடகிழக்குப் பருவமழை பெய்து கண்மாய் நிரம்பியபின், டிசம்பரிலிருந்து மார்ச் வரை போனால் நாரை, நீர்க்காகம், பாம்புத்தாரா, வலசை வரும் வாத்துகள் என்று கைக்கு வேலை இருக்கும். கரைமேலேயே நடந்து போகாதீர்கள். வானத்தை முதுகில் வைத்துக்கொண்டு வரும் ஆள் உருவம் பறவைக்கு அரைக் கிலோமீட்டரிலேயே தெரிந்துவிடும். வயல் பக்கச் சரிவில் நடந்து, ஒரு மரத்தடியில் மெதுவாகத் தலையை மேலே கொண்டுவாருங்கள். ஆள்காட்டிக் குருவி கத்திவிட்டதென்றால் அப்படியே பத்து நிமிடம் உட்கார்ந்துவிட வேண்டியதுதான்.

ஒத்தக்கடைப் பக்கம் யானைமலை எனக்குப் பிடித்த இடம். மலை ஏற அல்ல, மலையைப் பின்னால் நிறுத்திக்கொள்ள. ஒரே கல்லாக நீண்டு கிடக்கும் அந்தப் பாறை, காலைப் பனிமூட்டத்தில் நீலச் சாம்பல் நிறத்தில் ஒரு சுவர் மாதிரி இருக்கும். வயலில் நட்ட குச்சியிலோ மின்கம்பியிலோ பஞ்சுருட்டானோ கரிச்சானோ உட்கார்ந்தால், நீங்கள் கொஞ்சம் உயரம் மாற்றி மலையைப் பின்னால் கொண்டுவந்துவிடலாம். வெறும் வானத்தைவிட அது எவ்வளவோ மேல். நாகமலைக்கும் இதே உபயோகம் உண்டு.

மேலூர்ப் பக்கமும் சோழவந்தான் பக்கமும் வயல்கள். நாற்றாங்கால் பச்சையைப்போல வழவழப்பான பின்புலம் வேறு எங்கும் கிடைக்காது. கதிர் முற்றிய பிறகு அதே வயல் கோடு கோடாகக் கீறல் விழுந்ததுபோல ஆகிவிடும். வெற்றிலைக் கொடிக்காலுக்குள் தையல்சிட்டு கத்தும், ஆசை வரும். ஆறு மாதம் பழகியபின் போங்கள்.

அரிட்டாபட்டியைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்து 193 ஹெக்டேர் சொச்சம். லகர் வல்லூறும் ஷாகீன் வல்லூறும் அங்குள்ள குன்றுகளை நம்பி வாழ்கின்றன. வல்லூறு வானத்தில் வட்டமடிக்கும்போது எடுப்பதைவிட, குன்றின் முகட்டுக்குக் கீழே இறங்கிப் பாறையை ஒட்டிப் பறக்கும் அந்த இரண்டு நொடிக்காகக் காத்திருங்கள். பாறையின் பழுப்பில் இறகின் வரிகள் எடுத்துக் காட்டும். ஆனால் கேமரா பாறையின் வெடிப்புகளைப் பிடித்துக்கொள்ளப் பார்க்கும். பறவை வானத்தில் இருக்கும்போதே ஃபோகஸைப் பிடித்துக்கொண்டு, விடாமல் அதோடு சேர்ந்து இறங்கி வர வேண்டும்.

அழகர் மலையடிவாரத்தைக் கடைசிக்கு வையுங்கள். நிழல் அதிகம், கிளை அதிகம், குரங்கும் அதிகம். மழைக்காலத்தை ஒட்டி ஆறுமணிக்குருவி வந்து சருகைக் கிளறும். அதை நன்றாக எடுக்கத் தெரிந்தவர் இந்தக் கட்டுரையைப் படிக்க வேண்டியதில்லை.

முள்ளைத் தாண்டி ஃபோகஸ்

என் 23 படமும் கெட்டது இங்கேதான். கேமரா ஆட்டோஃபோகஸ் பொதுவாகப் பக்கத்தில் இருப்பதையும், வெளிச்சமும் இருட்டும் கூர்மையாகச் சந்திக்கும் விளிம்பையும் விரும்பும். வெயில் பட்ட முள் இரண்டுக்கும் பொருந்தும். அன்றைக்கு என் கேமரா எல்லாப் புள்ளிகளையும் திறந்து வைத்துக்கொண்டு தனக்குப் பிடித்ததைத் தானே தேர்ந்தெடுத்தது, நான் சும்மா அழுத்தினேன்.

முதலில் ஒற்றைப் புள்ளிக்கு மாற்றுங்கள். இருப்பதில் சிறிய புள்ளி. அதைப் பறவையின் கண்ணில் வைக்க முயலுங்கள். கண் மறைந்திருந்தால் தோள்பட்டை. புதிய மிரர்லெஸ் கேமராக்களில் பறவையின் கண்ணைத் தானே கண்டுபிடிக்கும் வசதி இருக்கிறது. திறந்த வெளியில் அது வரப்பிரசாதம். அடர்ந்த புதருக்குள் அது சில நேரம் பட்டுப்போன இலையின் ஓட்டையைக் கண் என்று நம்பிவிடும். அப்போது சிறிய புள்ளிக்குத் திரும்பிவிடுவது நல்லது.

இரண்டாவது, முன்கூட்டியே தூரத்தைக் காட்டிவைப்பது. புதருக்குள் குருவி அசைகிறது, ஆனால் பிடிபடவில்லை. அதே தூரத்தில் தெளிவாகத் தெரியும் வேறு ஒன்று இருக்கும், மரத்தின் அடித்தண்டு, தரையில் ஒரு கல். அதில் ஒருமுறை ஃபோகஸ் செய்துவிட்டு அப்புறம் குருவிக்கு வாருங்கள். லென்ஸ் ஏற்கனவே அந்தத் தூரத்தில் இருப்பதால் முன்னும் பின்னும் ஓடித் தேடாது. பெரிய லென்ஸ்களின் பக்கவாட்டில் தூர வரம்பை அமைக்கும் சுவிட்ச் ஒன்று இருக்கும், அதுவும் இதற்குத்தான்.

அதற்கும் மசியவில்லை என்றால் கையால் வளையத்தைத் திருப்புங்கள். பிரிட்ஜ் கேமராக்காரர்களும் இதைப் பழக வேண்டும். அவற்றின் ஆட்டோஃபோகஸ் புதரில் ரொம்பவே திணறும்.

குறுக்கே வரும் குச்சிகளைப் பற்றி ஒரு விஷயம். குச்சி பறவைக்கு முன்னால் ஒரு சாண் தூரத்தில் இருந்தால் அது தெளிவான கோடாகப் பறவையின் மேல் விழும், ஒன்றும் செய்ய முடியாது. அதே தடிமன் உள்ள குச்சி உங்கள் லென்ஸுக்கு ஒரு மீட்டருக்குள் இருந்தால், எஃப் எண்ணைக் குறைத்து வைத்திருக்கும்வரை அது லேசான மூட்டமாகக் கரைந்து, சில நேரம் இருப்பதே தெரியாது. ஆகவே முன்னால் இலைதழை இருக்கிறதே என்று பின்வாங்கத் தேவையில்லை. அதை ஒட்டிப் போய், இலைகளுக்கு இடையே லென்ஸை நீட்டி எடுங்கள். பச்சை மூட்டம் கொஞ்சம் படத்துக்குள் வந்தாலும் அது ஒரு அழகு.

வெளிச்சம்

பின்புலத்தை இருட்டாக்கிவிட்டால் அதில் என்ன குப்பை இருந்தாலும் தெரியாது. பறவைமேல் வெயில், அதன் பின்னால் நிழல், இந்த அமைப்பைத் தேடுங்கள். காலை ஏழு மணிக்குத் தோப்பின் விளிம்புக் கிளையில் வெயில் விழும், தோப்புக்குள் இன்னும் இருட்டாக இருக்கும். அந்தக் கிளையில் மீன்கொத்தி வந்தால் நீலம் எரியும். ஆனால் கேமரா அந்த இருட்டைப் பார்த்துவிட்டுப் படத்தை வெளுக்க வைக்கும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை மைனஸ் 1 வரை இறக்குங்கள். வெள்ளைக் கொக்கு என்றால் இன்னும் கொஞ்சம். கரிச்சான் வானத்துக்கு எதிரே உட்கார்ந்தால் இதற்கு மாறாக பிளஸ் 1, இல்லையென்றால் கரிக்கட்டைதான்.

இலைகளுக்கு நடுவே பொட்டுப்பொட்டாக விழும் வெயில் மோசமான எதிரி. பறவையின் முகத்தில் பாதி வெளுத்து, பாதி இருண்டு கிடக்கும். அந்தப் படம் திருந்தாது, விட்டுவிடுங்கள். புதர்க் குருவிகளுக்கு மெல்லிய மேகம் போட்ட நவம்பர் நாள்தான் தோது. வெயில் நன்றாக இருக்கிறது என்று கிளம்புகிறவர்கள் அன்று வீட்டில் இருப்பார்கள், கண்மாய் உங்களுக்கே.

கோடையில் ஒன்பது மணிக்கு மேல் பையைக் கட்டிவிடலாம். தரையிலிருந்து எழும் அனலில் தூரத்துப் பறவை தண்ணீருக்குள் இருப்பதுபோல நெளியும். எந்த லென்ஸாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

முதலில் கிளை, அப்புறம் குருவி

இதுவரை சொன்னதெல்லாம் பறவை வந்தபின் செய்வது. பழகப் பழக வரிசை மாறிவிடும். நல்ல பின்புலம் உள்ள ஒரு கிளையைத் தேர்ந்தெடுத்து, அதன் எதிரே சூரியனை முதுகில் வைத்து உட்கார்ந்துகொண்டு, பறவைக்காகக் காத்திருப்பீர்கள்.

எல்லாப் பறவைக்கும் இது ஒத்துவராது. கரிச்சான், பஞ்சுருட்டான், மீன்கொத்தி, பனங்காடை, இவை ஒரு இடத்தில் உட்கார்ந்து, இரையைப் பிடித்துவிட்டு, பெரும்பாலும் அதே இடத்துக்குத் திரும்பி வரும். எந்தக் குச்சி என்று கண்டுபிடிப்பது சுலபம்: அடியில் வெள்ளை வெள்ளையாக எச்சம் இருக்கும். மடைத்தூணும் மின்கம்பமும் அப்படித்தான். முதல் மூன்று மாதம் இந்த நாலு பறவையோடு மட்டும் பழகுங்கள் என்பேன். கரிச்சான் நம் ஊரில் எங்கும் உண்டு, ஆளுக்குப் பயப்படாது, அதே கம்பிக்கு நூறு தடவை திரும்பி வரும். அதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. மாம்பழச்சிட்டும் கதிர்க்குருவியும் ஓரிடத்தில் மூன்று நொடி நிற்காது; அவற்றுக்கு அவை போகும் திசையில் அடுத்த இடைவெளி எங்கே என்று பார்த்து, அங்கே லென்ஸை வைத்துக் காத்திருப்பதுதான் வழி. பத்தில் ஒன்று தேறும்.

கிட்டே போக வேண்டியிருந்தால் நேராகப் போகாதீர்கள். வேறு எங்கோ போகிற ஆள்போல ஓரமாக நடந்து, நின்று, மறுபடி நடந்து. பறவை கழுத்தை நீட்டி உடம்பைச் சிக்கென்று வைத்துக்கொண்டால் உங்களைக் கவனித்துவிட்டது என்று அர்த்தம், அங்கேயே நில்லுங்கள். காரில் போயிருந்தால் இறங்காமலே கண்ணாடியை இறக்கிவிட்டு எடுங்கள், மனிதனைவிடக் காரை அவை அதிகம் பொறுத்துக்கொள்ளும். எஞ்சினை அணைக்க மறந்தால் அதிர்வில் படம் ஆடிவிடும்.

புதரையும் சேர்த்தே எடுப்பது

எல்லாப் படத்திலும் பின்புலத்தைக் கரைத்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அலுத்துவிடும். ஸ்டுடியோ திரைக்கு முன்னால் நிறுத்தியதுபோல இருக்கும். பனைமர ஓட்டையில் முகம் மட்டும் காட்டும் புள்ளி ஆந்தைக்குப் பனை வேண்டும். சருகோடு சருகாகக் கிடக்கும் பக்கி என்ற இரவுப் பறவையை எடுத்தால், அது தெரியாமல் இருப்பதுதான் படமே. அப்போது எஃப் 8 அல்லது 11 வையுங்கள், பறவை சிறியதாக இருக்கட்டும். ஒன்றே ஒன்றைக் கவனித்தால் போதும்: பறவையின் உருவத்தைச் சுற்றி ஒரு சின்ன வெளி இருக்க வேண்டும். அலகின்மேல் குச்சி வரக் கூடாது, முதுகுக் கோட்டோடு கிளைக் கோடு ஒட்டக் கூடாது. ஆயிரம் முள் இருந்தாலும் அந்த ஒரு சின்னச் சன்னல் இருந்தால் கண் நேராக அங்கே போய்விடும்.

வீட்டுக்கு வந்தபின்

குச்சியை அழிக்கும் மென்பொருளை முதல் வருடம் தொடாதீர்கள். அழிக்கலாம் என்று தெரிந்தால் நகர மாட்டோம், என் சோம்பேறித்தனத்திலிருந்து சொல்கிறேன். வெட்டிச் சீர்செய்வது, பின்னால் பளிச்சென்று இருக்கும் இடங்களைக் கொஞ்சம் மங்கவைப்பது, இவ்வளவு போதும். கெட்ட படங்களில் பத்தை அழிக்காமல் தனியாக வையுங்கள். ஒவ்வொன்றையும் பார்த்து, எந்தக் குச்சி கெடுத்தது, எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்திருக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கால் தானாக நகரும்.

சில விஷயங்களில் விட்டுக்கொடுக்கவே கூடாது. படத்துக்கு இடைஞ்சல் என்று கிளையை ஒடிப்பது, கூட்டை மறைக்கும் இலையை விலக்குவது, மொபைலில் குரலைப் போட்டுப் பறவையை வரவழைப்பது, கல் எறிந்து பறக்கவைப்பது. இலையை விலக்கிய கூட்டை உங்களுக்குப் பிறகு காக்கையும் வல்லூறும் பார்க்கும், வெயிலும் நேராக அடிக்கும். கூட்டைக் கலைத்தால் 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம்கூட. வல்லூறு, ஆந்தை கூடு இருக்கும் இடத்தை யாரிடமும் சொல்ல வேண்டாம். வனத்துறை எல்லைக்குள் என்றால் அனுமதி கேளுங்கள். வயலுக்குள் என்றால் “அண்ணே, குருவி படம் எடுக்கலாமா?” என்று ஒரு வார்த்தை. பெரும்பாலும் அவர்களே நல்ல இடத்தைக் காட்டிவிடுவார்கள்.

அந்த அரசவால் ஈப்பிடிப்பான் கதையை முடிக்கவில்லையே. அடுத்த டிசம்பரில் அதே கண்மாயில், வேறொரு புதரில், இன்னொரு வெள்ளை ஆண். இந்த முறை ஓரடி இடப்பக்கம் சாய்ந்து, மண்டியிட்டு, ஒற்றைப் புள்ளியைக் கண்ணில் வைத்து எடுத்தேன். பின்னால் அக்கரை நீலமாகக் கரைந்திருந்தது, தலைக்குப் பின்னால் கொம்பு இல்லை, அலகின்மேல் முள் இல்லை. வால் மட்டும் பாதிக்கு மேல் ஃப்ரேமுக்கு வெளியே போய்விட்டது. நீள வால் பறவை என்றால் கேமராவைச் செங்குத்தாகத் திருப்பிக்கொள்ளுங்கள்.